தண்டல் சொன்னா சரி

பாய்மரப் படகுல ஏழு நாள் தீவு தீவா சுத்திட்டு வந்தோம்னு சொன்னா, கேக்கறவங்க எல்லாரும் அதே மூணு கேள்விதான் கேக்கறாங்க மக்களே. ஒண்ணு, எவ்வளவு ஆச்சு? ரெண்டு, வாந்தி வந்துச்சா? மூணு, படகை யார் ஓட்டினா? முதல் ரெண்டுக்கும் பதிலைக் கடைசியில வெச்சிருக்கேன். மூணாவதுக்குத்தான் இவ்வளவு பெரிய கதை.

படகை ஓட்டினது தங்கமணி.

நான் மதுரைக்காரன். எங்க ஊர்ல ஆத்துல தண்ணி வர்றதே அழகர் இறங்கறப்பத்தான், அதுவும் மேல அணையைத் திறந்து விட்டாத்தான். நீச்சல் கத்துக்கிட்டது சியாட்டல் வந்தப்புறம், 26 வயசுல. கூடப் படிச்சவங்க எல்லாம் ஆறு வயசு வாண்டுங்க. அதுல ஒருத்தன் என்னைப் பார்த்து "பயப்படாதே, மூக்கைப் பிடிச்சுக்கோ"ன்னு தைரியம் வேற சொன்னான். அவ்வ்வ்வ்.

தங்கமணி தூத்துக்குடி. அவளோட தாத்தா தோணியில தண்டலா இருந்தவர். தோணின்னா ஏதோ ஓடம்னு நினைச்சுடாதீங்க. தூத்துக்குடித் தோணிங்கறது சரக்கு ஏத்தற மரக்கப்பல். இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் வெறும் பாயை நம்பிப் போயிட்டு வந்துட்டிருந்துச்சு, எஞ்சின் எல்லாம் அப்புறம் வந்தது. அந்தத் தோணிக்குத் தலைவர்தான் தண்டல். எப்ப பாய் ஏத்தணும், எப்ப இறக்கணும், எந்தத் துறையில ஒதுங்கணும், எல்லாம் அவர் சொல்றதுதான். தாத்தாவுக்கு இப்ப எண்பதைத் தாண்டியாச்சு. இன்னும் வாசல்ல உக்காந்தா முதல் வேலை காத்து எந்தப் பக்கம்னு பாக்கறதுதான். வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா.

இத்தனை இருந்தும் தங்கமணி ஒரு தடவைகூடத் தோணியில ஏறினதில்லை. "பொம்பளப் புள்ள தோணில ஏறப்படாது"ன்னு தாத்தா கண்டிஷன். இவ தம்பி ஏறியிருக்கான், பக்கத்து வீட்டுப் பையன் ஏறியிருக்கான். இவ மட்டும் துறைமுகத்துல நின்னு டாட்டா காட்டியிருக்கா. அந்தக் கடுப்பு இருபது வருஷம் உள்ளயே கெடந்திருக்கு. சியாட்டல்ல வேலை கெடைச்சு, வீட்டைச் சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணின்னு பார்த்ததும், முதல் போனஸ்ல போய் பாய்மரப் படகு கிளாஸ்ல சேர்ந்துட்டா. நம்மள மாதிரி ஆளுங்க முதல் போனஸ்ல டிவி வாங்குவோம். ஹிஹி.

இங்க படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிட்டுப் போகலாம். ஆனா சும்மா சாவியைக் குடுத்துட மாட்டாங்க. படிப்படியா மூணு கோர்ஸ் உண்டு. முதல்ல பாய் பிடிக்கறது, அப்புறம் கரையோரமா போறது, அப்புறம் ராத்திரி தங்கிப் பல நாள் ஓட்டறது. அவ மூணும் முடிச்சிருக்கா. நான் முதல் கோர்ஸோட சரி. வாஷிங்டன் மாநிலத்துல எஞ்சின் வெச்ச படகு ஓட்டத் தனியா ஒரு அட்டை வேற வேணும், அது ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. ஆக, அவ கேப்டன். நான் சிப்பந்தி, சமையல்காரன், கயிறு இழுக்கறவன்.

2025 ஜூலை 26, சனிக்கிழமை காலைல அனகோர்ட்டஸ் போனோம். சியாட்டல்ல இருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம். 33 அடிப் படகு, ஒத்தைப் பாய்மரம், சின்னதா டீசல் எஞ்சின். படகை வாடகைக்கு விட்ட கம்பெனியில இருந்து ஒரு பெரியவர் வந்து எல்லாம் விளக்கினார். தங்கமணி கேள்வி கேப்பா, அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். "நங்கூரச் சங்கிலி எத்தனை அடி?"ன்னு இவ கேட்டா, "200 அடி, சார்"னு என்கிட்ட சொல்றார். நான் அவளைக் கை காட்டறேன். திரும்பவும் அடுத்த பதில் எனக்குத்தான் வருது. கடைசியில பேப்பர்ல கையெழுத்து போடறப்ப மட்டும் பேனாவை அவகிட்ட குடுத்தார், ஏன்னா கேப்டன்னு அவ பேர்தான் அச்சாகியிருந்துச்சு. ஆபீஸ் மீட்டிங்ல இவ சொல்ற ஐடியாவை அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொருத்தன் சொன்னாத்தான் எல்லாரும் தலையாட்டுவாங்களாம். அதனால இதெல்லாம் அவளுக்குப் பழகிப் போச்சு. எனக்குத்தான் காது சூடாச்சு.

சரி, இடத்தைப் பத்திக் கொஞ்சம். சான் வான் தீவுகள் வாஷிங்டன் மாநிலத்தோட வடமேற்கு மூலையில, கனடா பார்டரை ஒட்டி இருக்கு. பேர் வெச்ச தீவுகளும் பாறைகளும் மட்டும் 170க்கு மேல. அதுல ஃபெர்ரி நிக்கறது நாலே நாலு தீவுலதான்: லோப்பஸ், ஷா, ஓர்காஸ், சான் வான். மீதிக்கெல்லாம் படகு இருந்தாத்தான் உண்டு. சியாட்டல்னாலே மழைன்னு பேரு. ஆனா தென்மேற்குல ஒலிம்பிக் மலை நின்னு மேகத்தைத் தடுத்துடறதால இங்க மழை கம்மி. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கற ஊர் மாதிரி வெச்சுக்கோங்க. ஜூலையில ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். தண்ணி மட்டும் 10 டிகிரி சில்லறைதான். விழுந்தா நீச்சல் தெரியுதா தெரியாதாங்கறது ரெண்டாவது பிரச்சினை. குளிர்தான் முதல் பிரச்சினை.

ஓர்காஸ் தீவுன்னதும் ஓர்கா திமிங்கலத்தால வந்த பேர்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. இல்லையாம். 1791ல ஸ்பானியர்கள் இங்க வரைபடம் போட வந்தப்ப, மெக்சிகோவுல இருந்த வைஸ்ராயோட நீளமான பேர்ல இருந்து ஹோர்காசிடாஸ்ங்கற துண்டை எடுத்து வெச்சது, தேய்ஞ்சு ஓர்காஸ் ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான வருஷமா இங்க வாழ்ந்து, சால்மன் பிடிச்சுட்டிருந்த கோஸ்ட் சேலிஷ் மக்கள் வெச்ச பேரையெல்லாம் யாரும் கேக்கலை. வழக்கமான கதைதான்.

இங்க கடலோட்டத்துல காத்தைவிட முக்கியம் நீரோட்டம். தாத்தா பாஷையில நீவாடு. தூத்துக்குடியில ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் மூணு அடிகூட வராது. இங்க சில நாள் பத்தடிக்கு மேல. அவ்வளவு தண்ணியும் தீவுகளுக்கு நடுவுல இருக்கற சந்துங்க வழியாத்தான் உள்ள வந்து வெளிய போகணும். குறுகலான இடத்துல நாலஞ்சு நாட் வேகத்துல ஓடும். எங்க படகோட வேகமே அஞ்சு, ஆறு நாட்தான். அப்ப எதிர்ல போனா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுக்கோங்க. ட்ரெட்மில்தான். பாய் பொடைச்சுக்கிட்டு நிக்கும், தண்ணி சலசலன்னு ஓடும், கரையில இருக்கற அதே மரம் அரை மணி நேரமா நம்மளையே பார்த்துட்டு இருக்கும்.

இதுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கணக்குன்னு ஒரு வழி இருக்கு. ஏத்தமோ வத்தமோ சுமார் ஆறு மணி நேரம். முதல் மணியில மொத்தத்துல 12ல் 1 பங்கு தண்ணி நகரும், அடுத்த மணியில 2 பங்கு, அப்புறம் 3, 3, 2, 1. நடு ரெண்டு மணி நேரத்துலயே பாதித் தண்ணி நகர்ந்துடும். அதனால சந்தைத் தாண்டணும்னா ஆரம்பத்துலயோ கடைசியிலயோ தாண்டணும். தங்கமணி ராத்திரி சாப்பிட்டதும் அட்டவணையை விரிச்சு வெச்சு, நாளைக்குக் காலை 6:40க்குக் கெளம்பணும்னு சொல்லுவா. 6:40ன்னா 6:40தான். நம்ம ஆபீஸ் டெட்லைன் மாதிரி தள்ளிப் போட முடியாது, நிலாகிட்ட மேனேஜர் பேச முடியாதே.

முதல் நாள் ரோசாரியோ ஜலசந்தியைத் தாண்டி லோப்பஸ் தீவு. ரெண்டாம் நாள் ஃபிரைடே ஹார்பர். அன்னைக்கு ராத்திரி போன் சிக்னல் நல்லா இருந்ததால ஊருக்குப் பேசினோம். 26ஆம் தேதி பனிமய மாதா கோயில் கொடியேத்தம் முடிஞ்சு ஊரே திருவிழாவுல இருந்துச்சு. தாத்தா என்கிட்டத்தான் பேசினார். "மாப்ள, என்ன காத்து?" "மேக்க தாத்தா." "கச்சான். எத்தன பாகத்துல நங்கூரம் போட்டீங்க?" நான் முழிச்சேன். பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், சுமார் ஆறடி. போனை அவகிட்ட குடுக்கப் போனேன், "அவகிட்ட எதுக்கு, நீங்க சொல்லுங்க"ங்கறார். ஓட்டறது இவதான்னு அவருக்குத் தெரியும். ஆனா அது ஏதோ புள்ளைங்க விளையாட்டுன்னு நினைப்பு. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. எழுந்து போய்க் கயித்தை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினா.

மூணாம் நாள் கேரிசன் பே. இங்கதான் அந்தப் புகழ்பெற்ற பன்றிச் சண்டை. 1846ல அமெரிக்காவும் பிரிட்டனும் எல்லை பிரிச்சப்ப, கடல் நடுவுல போற கால்வாய்தான் எல்லைன்னு எழுதினாங்க, எந்தக் கால்வாய்னு எழுத மறந்துட்டாங்க. அதனால ரெண்டு பேருமே இந்தத் தீவு எங்களுதுன்னாங்க. 1859 ஜூன்ல ஒரு அமெரிக்கன் தன் தோட்டத்துல உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்ன பன்னியைச் சுட்டுட்டான். பன்னி ஹட்சன்ஸ் பே கம்பெனியோடது, பிரிட்டிஷ் பன்னி. உடனே இந்தப் பக்கம் பட்டாளம், அந்தப் பக்கம் போர்க்கப்பல். நல்லவேளை, பன்னியைத் தவிர யாரும் சாகலை. ரெண்டு படையும் தீவோட ஆளுக்கொரு மூலையில பன்னிரண்டு வருஷம் கூடாரம் போட்டு உக்காந்திருந்தாங்க. கடைசியா 1872ல ஜெர்மனி சக்கரவர்த்தி முதலாம் வில்ஹெல்ம் மத்தியஸ்தம் பண்ணி அமெரிக்காவுக்குக் குடுத்தார். ஸ்பெக்ல ஒரு வரி தெளிவா எழுதலைன்னா எத்தனை வருஷம் இழுக்கும்னு நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியாதா என்ன :-)

அன்னைக்கு ராத்திரி பிறை சீக்கிரமே இறங்கிடுச்சு. சரியான இருட்டு. சின்ன ரப்பர் படகுல உக்காந்து துடுப்பை தண்ணியில விட்டேன், பச்சையும் நீலமுமா பொறி பறக்குது. கையை விட்டா விரலுக்கு விரல் வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், தண்ணி கலங்கினா மின்னும். இதே தீவுல ஃபிரைடே ஹார்பர்ல ஒரு கடல் ஆராய்ச்சிக்கூடம் இருக்கு. 1961ல அங்க ஒசாமு ஷிமோமுராங்கற ஜப்பானிய விஞ்ஞானி வந்து, ஒளிவிடற ஒரு வகை ஜெல்லி மீனை வலை போட்டு அள்ளினார். வருஷா வருஷம் குடும்பத்தோட வந்து, மொத்தம் எட்டரை லட்சம் ஜெல்லி மீன். அதுல அவர் பிரிச்சு எடுத்த பச்சை ஒளிர் புரதம் இன்னைக்கு உலகத்துல உள்ள அத்தனை உயிரியல் லேப்லயும், செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க விளக்கு மாதிரி உபயோகப்படுது. 2008ல வேதியியல் நோபல்ல அவருக்கும் பங்கு கெடைச்சது. கெமிஸ்ட்ரியில பார்டர்ல பாஸ் பண்ண எனக்கே அன்னைக்கு ராத்திரி சிலிர்த்துப் போச்சு.

நாலாம் நாள், செவ்வாய், ஜூலை 29. இனிமேதான் விஷயமே.

காலைல கெளம்பி மதியத்துக்குள்ள ஸ்டூவர்ட் தீவு வந்துட்டோம். ரீட் ஹார்பர்னு நீளமான, குறுகலான குடா. மாநிலப் பூங்காவோட மிதவை ஒண்ணுல படகைக் கட்டினோம். சாயங்காலம் தீவோட மேற்கு முனையில இருக்கற டர்ன் பாயின்ட் கலங்கரை விளக்கத்துக்கு நடந்தோம். 1893ல ஏத்தின விளக்கு. வான்கூவருக்குப் போற பெரிய கப்பல் எல்லாம் அந்த முனையிலதான் சட்டுனு திரும்பும். வழியில செல்போன் சிக்னலே இல்லை. முனையில நின்னதும் எதிர்க்கரை டவர் பிடிச்சு, கனடாவுக்கு நல்வரவுன்னு மெசேஜ் வந்துச்சு. அது பின்னாடியே டிங் டிங் டிங்னு ஒரு நாப்பது வாட்ஸப்.

எல்லாம் ஊர்ல இருந்து. மணி இங்க சாயங்காலம் ஆறரை, அங்க விடிகாலை ஏழு. டிவி போட்டதும் பார்த்திருக்காங்க. ரஷ்யாவோட கம்சட்கா பக்கத்துல 8.8 நிலநடுக்கம். பசிபிக் முழுக்க சுனாமி எச்சரிக்கை. பொண்ணும் மாப்பிள்ளையும் அதே பசிபிக்ல படகுல.

அமெரிக்காவுல இந்த எச்சரிக்கையில படிகள் இருக்கு. வாட்ச்னா கவனிச்சுட்டு இரு. அட்வைசரின்னா தண்ணியை விட்டு விலகு, கரையில பலமான நீரோட்டம் வரலாம். வார்னிங்னா மேட்டுக்கு ஓடு. வாஷிங்டன் கடற்கரைக்கு அட்வைசரி. நிலநடுக்கம் வந்தது எங்க நேரம் 4:24க்கு. அலை வாஷிங்டன் வெளிக்கரைக்கு வர ராத்திரி பதினொன்றரை ஆகும். அதுக்கப்புறம் ஜலசந்தி வழியா 150 கிலோமீட்டருக்கு மேல உள்ள வந்தாத்தான் நாங்க இருக்கற இடம். ஆக, அஞ்சு மணி நேரம் கையில இருக்கு.

தங்கமணி அப்படியே ஒரு பாறை மேல உக்காந்துட்டா. முகத்துல ரத்தமே இல்லை. ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் போனை எடுத்து அவங்க அம்மாவுக்கு அடிச்சா. அத்தை அழுதுட்டே ஸ்பீக்கர்ல போட்டாங்க. தாத்தா குரல் வந்துச்சு.

"மாப்ள, எத்தன பாகம் தண்ணி?"

நான் போனை அவகிட்ட நீட்டினேன். "நாலரை பாகம் தாத்தா"ன்னா.

"ஏட்டி, அது காணாது. கட்டை அவுத்து ஆழத்துக்குப் போ. நூறு பாகம் தாண்டிட்டா தோணிக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் சொன்னது தப்பு இல்லைங்க. 2004ல ஆழ்கடல்ல மீன் பிடிச்சுட்டு இருந்தவங்களுக்கு அலை வந்ததே தெரியலை. கரைக்குத் திரும்பினப்பத்தான் ஊரே இல்லைன்னு பார்த்தாங்க. ஆழத்துல சுனாமி ஒரு லேசான மேடுதான், கரை கிட்ட வந்தாத்தான் எழும்பும். எங்க கண்ணு முன்னாடியே நூறு பாகத்துக்கு மேல ஆழம் இருந்துச்சு.

"வெளிய ஆழம் இருக்கு தாத்தா"ன்னா இவ. "ஆனா அது பெரிய கப்பல் போற ரோடு. ராத்திரி இருட்டு. மரக்கட்டை மிதக்கும். நீவாடு நாலு நாட் இழுக்கும். நாங்க ரெண்டே ஆளு, விடிய விடிய அங்க சுத்திட்டு நிக்க முடியாது. குடாவோட வாய் தென்கிழக்கப் பாத்து இருக்கு, அலை நேரா வராது. நான் படகை ரெட்டைக் கயிறு போட்டுக் கட்டிட்டு, மேட்டுல போய் இருக்கப் போறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னாடி கோயில் ஸ்பீக்கர் சத்தம் மட்டும்.

"தோணிய விட்டுட்டா?"

"ஆமா தாத்தா. விட்டுட்டு."

லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் சொன்னார். "சரி. தண்டல் நீதான. தண்டல் சொன்னா சரி." அதோட, "மாப்ள, அவ சொல்றத கேளுங்க." அவ்வளவுதான், போனை வெச்சுட்டார்.

வேக வேகமா திரும்பி நடந்தோம். படகு கம்பெனிக்கு அடிச்ச போனுக்கு, ஆபீஸ் மூடியாச்சு, மெசேஜ் விடுங்கன்னு பதில். படகு ரேடியோவுல 16ஆம் சேனல்ல கடலோரக் காவல்படை அறிவிப்பு ஓடிட்டு இருந்துச்சு. தங்கமணி ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். மிதவை வளையத்துல ரெண்டாவது கயிறு. கயிறு உரசற இடத்துல பழைய துணி சுத்தினோம். ஜன்னல் எல்லாம் பூட்டு. கேஸ் வால்வு மூடு. பாஸ்போர்ட், தண்ணி, தூக்கப் பை, மிச்சம் இருந்த எலுமிச்சை சாதம். ரப்பர் படகைக் கரையில இழுத்து உயரமா ஒரு மரத்துல கட்டு. பக்கத்து மிதவையில ஒரு வயசான தம்பதி இருந்தாங்க. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, என்ன பண்ணப் போறீங்கன்னார். நான் வாயைத் திறக்கலை, கேப்டனைக் கேளுங்கன்னு விரலை நீட்டினேன். இவ விளக்கினா. அவங்களும் தலையாட்டிட்டு, ஒரு ஃப்ளாஸ்க் காபியோட எங்க பின்னாடியே வந்துட்டாங்க.

ரெண்டு குடாவுக்கு நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு. அங்கதான் ராத்திரி. ஊசியிலை மரத்துக்கு அடியில தூக்கப் பையை விரிச்சு உக்காந்தோம். அப்பத்தான் அவ சொன்னா. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல அது வரைக்கும் சொல்லாத விஷயம்.

2004 டிசம்பர் 26. அவளுக்கு ஏழு வயசு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க. தூத்துக்குடிக்கு இலங்கை குறுக்கே நின்னதால அடி கம்மி. ஆனா அது அப்புறம் தெரிஞ்ச கணக்கு. அன்னைக்குக் காலைல "கடல் உள்ள வருது"ன்னு ஜனங்க தெருவுல ஓடறாங்க, அவங்க ஆச்சி இவளை இழுத்துக்கிட்டு ஓடறாங்க. தாத்தா மட்டும் எதிர்த்திசையில, கரைப்பக்கம் ஓடறார். கூட்டாளியோட வல்லம் கட்டாம கெடக்காம், அதைக் கட்டணுமாம். ஆச்சி கத்தின கத்து இன்னும் காதுல இருக்குன்னா. ஒரு மணி நேரம் கழிச்சுத் தாத்தா திரும்பி வந்தார், கால்ல வல்லம் இடிச்சு எலும்பு விலகி, நொண்டிக்கிட்டு. வல்லத்தைக் காப்பாத்திட்டேன்னு சந்தோஷமா சொன்னாராம். இன்னைக்கும் அந்தக் கால் சரியா ஊன வராது.

"அந்த ஒரு மணி நேரம் அவர் செத்துட்டார்னுதான் நினைச்சேன்"னா. "தோணி போனா வேற தோணி. அதை அவர்கிட்ட யாருமே சொல்லலை. பாட்டி சொல்லியும் கேக்கலை."

அப்பத்தான் எனக்கு அந்த "விட்டுட்டா?" புரிஞ்சுது. தோணியை விட்டவன் தண்டல் இல்லைங்கற பள்ளிக்கூடத்துல படிச்சவர் அவர். பேத்தி அதை ஒரே வார்த்தையில தாண்டினா. அவரும் தாண்ட விட்டார். எண்பது வயசுக்கு மேல ஒரு மனுஷன் இருபது செகண்டுல அப்படி மாறுவார்னு நான் எதிர்பார்க்கலை.

பதினொன்றரை ஆச்சு. பன்னிரண்டரை ஆச்சு. ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தோம். கீழ படகோட பாய்மர உச்சி விளக்கு அசையாம நின்னுச்சு. ஒண்ணும் நடக்கலை. கண்ணுக்குத் தெரியற மாதிரி எதுவும் அந்தக் குடாவுக்குள்ள வரலை. தெற்கே கலிஃபோர்னியாவுல கிரசென்ட் சிட்டி துறைமுகத்துல ஒரு மிதவை மேடை சேதமாச்சுன்னு அப்புறம் படிச்சோம். எங்களுக்கு வான்கூவர் தீவும் ஒலிம்பிக் தீபகற்பமும் குறுக்கே நின்னுச்சு. தூத்துக்குடிக்கு இலங்கை நின்ன மாதிரி.

அப்ப மேட்டுல ஏறினது வீணான்னு நீங்க கேக்கலாம். ஆபீஸ்ல யாராவது ராத்திரி முழுக்க பேக்கப் எடுத்து, மறுநாள் சர்வர் நல்லாவே ஓடினா, பேக்கப் வீண்னு சொல்வோமா? பயத்தோட கணக்குப் போடறது வேற, பயந்துக்கிட்டு ஓடறது வேறன்னு அன்னைக்குப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். அவளுக்குப் பயம் இல்லாம இல்லை. கை நடுங்கிட்டுத்தான் முடிச்சுப் போட்டா. முடிச்சு மட்டும் சரியா விழுந்துச்சு.

மறுநாள் சுசியா தீவு. சுசியான்னா ஸ்பானிஷ்ல அழுக்கு. தண்ணிக்கு அடியில பாறை நிறைய இருக்கறதால மாலுமிங்க வெச்ச பேர். 2012ல இங்கதான் வாஷிங்டன் மாநிலத்தோட முதல் டைனோசர் எலும்பு கெடைச்சது, சுமார் 8 கோடி வருஷம் பழசு. கரையெல்லாம் கிளிஞ்சல் படிமம். பார்க்கலாம், எடுக்கக் கூடாது. அங்க ரெண்டு நாள் சும்மா தூங்கினோம். அப்புறம் நல்ல தெற்குக் காத்துல, பாய் விரிச்சு, எஞ்சினே போடாம ஓர்காஸ் பக்கம் இறங்கினோம். அந்த நாலு மணி நேரமும் சுக்கான் என் கையில. தண்டல் அணியத்துல காலை நீட்டி உக்காந்து எலுமிச்சை ஊறுகாயை நக்கிட்டு இருந்தாங்க.

போகணும்னு நினைக்கறவங்களுக்குச் சில குறிப்பு:

ஜூலை, ஆகஸ்ட்ல காத்து கம்மி. பாதி நேரம் எஞ்சின்லதான் போவீங்க, மனசைத் தேத்திக்கோங்க. காத்து வேணும்னா ஜூன் இல்லைன்னா செப்டம்பர்.

நீரோட்ட அட்டவணை இல்லாம கெளம்பாதீங்க. நங்கூரம் போடறப்ப, இப்ப இருக்கற ஆழத்தை மட்டும் பார்க்காதீங்க, ஏத்தத்துல எவ்வளவு கூடும், வத்தத்துல எவ்வளவு குறையும்னு பார்த்துச் சங்கிலி விடுங்க.

இந்தப் பக்கமே வாழற ஓர்கா கூட்டம் எண்பதுகூட இல்லாம அழிவுல இருக்கு. 2025 ஜனவரியில இருந்து அதுங்ககிட்ட 1,000 கெஜத்துக்குள்ள எந்தப் படகும் போகக் கூடாதுன்னு மாநிலச் சட்டம். தூரத்துல மூணு கருப்புத் துடுப்பு பார்த்தோம், எஞ்சினை நிறுத்திட்டு நின்னோம். அதுவே போதும்.

ஸ்டூவர்ட் மாதிரி தீவுகள்ல கடை கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது. கொண்டு போறதைத் திரும்பக் கொண்டு வரணும். புளிக்காய்ச்சல் ஒரு டப்பா போதும், நாலு நாள் ஓடும்.

செலவு: ரெண்டு பேர் ஊருக்கு ஃப்ளைட்ல போயிட்டு வர்ற காசு. தீபாவளிக்கு ஊருக்குப் போகலை, அத்தையும் எங்கம்மாவும் இன்னும் நற நறன்னுட்டு இருக்காங்க.

வாந்தி: எனக்கு மட்டும், முதல் நாள், ரோசாரியோ ஜலசந்தியில, ரெண்டு தடவை. இப்பல்லாம் தாத்தா போன் பண்ணினா காத்தும் பாகமும் பேத்திகிட்ட கேக்கறார். என்கிட்ட இந்த ஒரு விஷயத்தை மட்டும்தான் கேக்கறார். "மாப்ள, இப்ப வயிறு எப்படி?"